டோலமைட் மலைச்சாலைகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இத்தாலியின் டோலமைட் மலைகளுக்குச் சாலை சைக்கிளோடு முதல் முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. தார்ச்சாலையில் ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதியது. கரடுமுரடான மண்பாதைகள் இதில் வராது.

எந்தப் பகுதியைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

செல்லா என்ற பெரும் பாறைத்திரளையும் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளையும் பற்றி. வடகிழக்கில் பாடியா, தென்கிழக்கில் லிவினல்லோங்கோ, தென்மேற்கில் ஃபாசா, வடமேற்கில் கார்டேனா என நான்கு பள்ளத்தாக்குகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு கணவாயை ஏறி இறங்க வேண்டும். கிழக்கே கோர்ட்டினா தம்பெட்சோ இருக்கும் அம்பெட்சோ பள்ளத்தாக்கும் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். போல்சானோ, ட்ரென்டோ, பெல்லுனோ ஆகிய மூன்று மாகாணங்கள் இங்கே சந்திக்கின்றன. டோலமைட் மலைகள் 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இங்கே கணவாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஓர் ஏற்றம் முடிந்து இறங்கினால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். இடையில் கால் ஆற்றிக்கொள்ளச் சமதளம் கிடைக்காது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

பலகையில் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றனவே?

போல்சானோ மாகாணத்தில் லதின் என்னும் உள்ளூர் மொழி பேசும் பள்ளத்தாக்குகளில் இத்தாலியன், ஜெர்மன், லதின் மூன்றும் ஆட்சிமொழிகள். இத்தாலியனில் செல்வா, ஜெர்மனில் வோல்கன்ஸ்டைன். ஓர்டிசெய் என்பதும் சாங்க்ட் உல்ரிஹ் என்பதும் ஒரே ஊர். லா வில்லாவை ஜெர்மனில் ஷ்டெர்ன் என்பார்கள். 'பாஸ்ஸோ' என்றால் இத்தாலியனில் கணவாய், 'யோஹ்' என்றால் ஜெர்மனில் கணவாய். அதனால் 'குரோட்னர் யோஹ்' என்று பலகை காட்டினால் அது கார்டேனா கணவாய்தான், நீங்கள் வழிமாறவில்லை. வரைபடத்தில் பாதையைக் குறிக்கும்போதே இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரில் தங்குவது நல்லது?

சைக்கிளுக்காகவே வருகிறீர்கள் என்றால் கொர்வாரா (1,568 மீட்டர்) அல்லது அராபா (சுமார் 1,600 மீட்டர்). கொர்வாராவிலிருந்து கம்போலோங்கோ, கார்டேனா கணவாய்கள் இரண்டும் வாசலிலேயே தொடங்கும், வல்பரோலாவும் பக்கம். சைக்கிள் கடைகளும் வாடகை நிலையங்களும் அங்கே அதிகம். அராபா சின்ன ஊர், அமைதியானது. போர்டோய் ஏற்றம் ஊரிலிருந்தே புறப்படுகிறது.

கனாட்செய், செல்வா இரண்டும் தங்குவதற்கு நல்ல ஊர்களே. ஆனால் ஃபல்சாரேகோ, ஜாவு கணவாய்களின் பக்கம் போகவேண்டிய நாள்களில் கூடுதலாக இரண்டு கணவாய்கள் ஏறி இறங்க நேரும். கோர்ட்டினாவில் தங்கினால் ஜாவுவும் ஃபல்சாரேகோவும் கைக்கெட்டும், செல்லாதான் தள்ளிப்போய்விடும்.

ரயிலில் வந்தால் பிரென்னர் பாதையில் போல்சானோ அல்லது பிரெஸ்ஸனோனே வரை வரலாம். ஃபோர்டெட்சாவில் மாறினால் ப்ருனிகோ வரை போகலாம். ப்ருனிகோவிலிருந்து கொர்வாரா சாலைவழியே ஏறத்தாழ 37 கி.மீ., பேருந்தும் உண்டு.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர் முதல் மூன்று வாரங்கள். ஆகஸ்டைத் தவிர்க்கச் சொல்வோம். ஆகஸ்ட் 15 இத்தாலியின் பெரிய விடுமுறை நாள். அதற்கு முன்னும் பின்னும் கணவாய்களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டி நிற்கும். வேறு வழியில்லாமல் ஆகஸ்டில்தான் போகவேண்டும் என்றால் காலை 7 மணிக்குள் கிளம்பி 11 மணிக்குள் பெரிய கணவாய்களை முடித்துவிடுங்கள்.

செல்லாவைச் சுற்றியுள்ள நான்கு கணவாய்களும் பனிச்சறுக்குப் பகுதிக்குள் இருப்பதால் குளிர்காலத்திலும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஜாவுவும் ஃபெடாயாவும் பனிச்சரிவு அபாயத்தால் அடிக்கடி மூடப்படும். மே மாதத்தில் வருபவர்கள் அந்த இரண்டும் திறந்தாயிற்றா என்று மாகாணச் சாலைத்துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சமதளத்தில் ஒரு நாளில் 100 கி.மீ. ஓட்டுவேன். இங்கே எவ்வளவு முடியும்?

கிலோமீட்டரை மறந்துவிட்டு, ஏறும் மீட்டரைக் கணக்கிடுங்கள். ஓரளவு பயிற்சியுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறுவார். நன்றாகப் பயிற்சி எடுத்தவர் 900 மீட்டரைத் தொடுவார்.

70 கிலோ எடையுள்ளவர், 9 கிலோ சைக்கிள், தண்ணீரும் உடைகளும் சேர்த்து 3 கிலோ என்றால் மொத்தம் 82 கிலோ. அதை மணிக்கு 600 மீட்டர் உயர்த்த 134 வாட் வேண்டும். டயர் உராய்வு, காற்று, செயின் இழப்பு சேர்த்தால் 150 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒன்றரை மணி நேரம் உங்களால் 150 வாட் நிலையாகக் கொடுக்க முடிந்தால் இங்கே நாளொன்றுக்கு 1,500 மீட்டர் ஏறுவது சிரமமாக இருக்காது. சைக்கிளில் வாட் காட்டும் கருவி இல்லையென்றால், முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கி இரண்டு மூன்று சொல்லோடு வாக்கியம் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

செல்லா ரோண்டா என்பது என்ன? வழியை விளக்க முடியுமா?

செல்லா பாறைத்திரளை நான்கு கணவாய்கள் வழியாக ஒரு முழுச்சுற்று வருவதுதான் செல்லா ரோண்டா. கொர்வாராவில் கிளம்பி கொர்வாராவிலேயே முடித்தால் 50 கி.மீ.க்குச் சற்று மேல், ஏற்றம் சுமார் 1,630 மீட்டர். கடிகாரச் சுற்றில் போனால் வரிசை இப்படி வரும்.

முதலில் கம்போலோங்கோ: 5.8 கி.மீ., உச்சி 1,875 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் ஊரை விட்டதுமே தொடங்கிவிடும், மேலே போகப்போகச் சரிவு குறையும். கால் இன்னும் சூடாகாத நேரம், அதோடு முதல் ஏற்றம் என்ற உற்சாகம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் வேகத்தைக் கூட்டிவிட்டுப் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

அராபாவுக்கு இறங்கியதும் போர்டோய்: 9.2 கி.மீ., சராசரி 6.9%, 33 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,239 மீட்டர். நீளமானது, ஆனால் சரிவு ஒரே சீராக இருப்பதால் தாளம் பிடித்து ஏறலாம். வளைவுகளுக்கு எண் போட்டிருப்பதால் இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போகலாம். உச்சியில் இத்தாலியச் சைக்கிள் பந்தய வீரர் ஃபவுஸ்டோ கோப்பியின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜிரோ தித்தாலியா பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் மிக உயரமான இடத்துக்கு 1965 முதல் 'சிமா கோப்பி' என்று பெயர். அந்தப் பெருமை போர்டோய்க்குப் பல முறை கிடைத்திருக்கிறது.

போர்டோயிலிருந்து கனாட்செய் பக்கம் இறங்கும்போது கவனம் தேவை. கனாட்செய் ஊர் வரை போகக்கூடாது. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வலப்பக்கம் செல்லா கணவாய்க்குச் சாலை பிரியும். இறக்கத்தின் வேகத்தில் பலர் இதைத் தவறவிட்டு ஊருக்குள் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் திரும்ப ஏறவேண்டிய கூடுதல் உயரம் சுமார் 340 மீட்டர். சைக்கிள் கணினியில் இந்தப் பிரிவுக்கு ஓர் எச்சரிக்கைப் புள்ளி வைத்துவிடுங்கள்.

செல்லா: பிரிவிலிருந்து 5.5 கி.மீ., சராசரி 7.9%, உச்சி சுமார் 2,240 மீட்டர். நான்கில் இதுதான் கடினம். நீளம் குறைவு, ஆனால் போர்டோய் ஏறிய காலோடு வருகிறீர்கள். உச்சிக்கு முன்னால் சாசோலுங்கோ சிகரங்கள் தலைக்கு மேலே நிற்பதுபோல் தெரியும். இரண்டு நிமிடம் நின்று பாருங்கள், நேரம் வீணாகாது.

செல்லாவிலிருந்து இறங்கும்போது பிளான் தெ கிரால்பாவுக்கு அருகே இன்னொரு பிரிவு. இடப்பக்கம் போனால் செல்வா ஊர், வலப்பக்கம் கார்டேனா கணவாய். கார்டேனா 5.8 கி.மீ., சராசரி 4.3%, உச்சி 2,121 மீட்டர். நடுவில் தட்டையான பகுதியும் சின்ன இறக்கமும் இருப்பதால்தான் சராசரி இவ்வளவு குறைவு. ஏறும் பகுதிகள் அந்த எண் காட்டுவதைவிடச் செங்குத்தானவை. அங்கிருந்து கொல்ஃபோஸ்கோ வழியாகக் கொர்வாராவுக்கு 550 மீட்டர் இறக்கம், சுற்று முடிந்தது.

மணிக்கு 600 மீட்டர் கணக்கில் ஏற்றத்துக்கு 2 மணி 45 நிமிடம், ஏறத்தாழ 25 கி.மீ. இறக்கத்துக்கு 50 நிமிடம். நிற்பது, சாப்பிடுவது, உடை மாற்றுவது எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடிகாரச் சுற்றா, எதிர்ச் சுற்றா?

ஏறும் மொத்த உயரம் இரண்டிலும் ஒன்றே. கடிகாரச் சுற்றில் கடினமான போர்டோய், செல்லா இரண்டும் முன்பே முடிந்துவிடும், கடைசியில் எளிய கார்டேனா வரும். முதல் முறை வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். எதிர்ச் சுற்றில் கார்டேனாவைக் கொர்வாரா பக்கமிருந்து ஏறுவது நீளமான ஏற்றம், ஆனால் செல்லாவின் சரிவு குறையும். கடைசியாக அராபாவிலிருந்து 4 கி.மீ., ஏறத்தாழ 7% சரிவில் கம்போலோங்கோ நிற்கும். களைத்த காலுக்கு அந்த 4 கி.மீ. நீளமாகத் தெரியும்.

ஆண்டில் ஓரிரு நாள் இந்தச் சுற்றை மோட்டார் வாகனங்களுக்கு மூடி சைக்கிள்களுக்கு மட்டும் விடுகிறார்கள். அதன் பெயர் செல்லாரோண்டா பைக் டே. அன்று எந்தத் திசையில் ஓட்டவேண்டும் என்பதை அமைப்பாளர்கள் அறிவிப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள். சத்தமில்லாத அந்தச் சாலையில் தண்ணீர் ஓடுவது கேட்கும். தேதி பொருந்தினால் தவறவிடாதீர்கள்.

என்ன கியர் வேண்டும்?

பயணம் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முன்பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 34 என்றால் மிதியை ஒரு முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும், சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கி.மீ. 10% சரிவில் அது மணிக்கு 750 மீட்டர் உயரம். மேலே சொன்ன 82 கிலோவுக்கு ஏறத்தாழ 185 வாட் தேவைப்படும்.

பின்னால் 28 மட்டுமே இருந்தால் அதே 60 சுற்றுக்கு வேகம் 9.2 கி.மீ., தேவை 225 வாட். உங்களிடம் 150 வாட்தான் இருக்கிறது என்றால் நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு இறங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் விழும் அழுத்தம் கூடும். ஒரு நாள் தாங்கும், மூன்றாம் நாள் முழங்கால் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். இங்கே வருபவர்களின் முழங்கால் வலிக்கு வயதோ எடையோ மட்டும் காரணமல்ல, 28 பல் கேசட்டும் (பின்பல்சக்கரத் தொகுப்பு) காரணமாகலாம்.

செல்லா ரோண்டாவுக்குக் குறைந்தது 34க்கு 32. ஜாவுவும் திட்டத்தில் இருந்தால் 34க்கு 34, முடிந்தால் முன்னால் 30 பல் கொண்ட கிராங்க். வலுவான ஓட்டக்காரர்கள்கூட இங்கே சின்ன கியர் போட்டு வருகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டிலேயே பெரிய கேசட் மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம், இரண்டு விஷயங்களைச் சரிபார்த்த பிறகு. முதலாவது, பின் டிரெய்லியரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) கூண்டு நீளம். எடுத்துக்காட்டாக ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000 வரிசையில் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் தாங்கும், நீளக் கூண்டு 34 வரை தாங்கும். குட்டைக் கூண்டில் 34 போட்டால் மேல் உருளை பல்லில் உரசிக் கரகரவென்று சத்தம் போடும், கியர் சரியாக விழாது.

இரண்டாவது, செயின் நீளம். 28லிருந்து 34க்குப் போகும்போது பழைய செயின் பெரும்பாலும் போதாது. முன்னும் பின்னும் பெரிய பல்லில் செயினை டிரெய்லியருக்குள் விடாமல் நேராகச் சுற்றிப் பாருங்கள். இரு முனையும் சேரும் இடத்துக்கு மேல் இன்னும் இரண்டு கண்ணியாவது மிச்சம் இருக்க வேண்டும். செயின் குட்டையாக இருந்து, களைப்பில் தவறுதலாகப் பெரியதற்குப் பெரியது போட்டுவிட்டால் டிரெய்லியர் முன்னே இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் முறிந்துவிடும். புது கேசட்டோடு வீட்டருகே குறைந்தது 100 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம், ஆகையால் உங்கள் சைக்கிளுக்கு உரியது ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

வாடகை சைக்கிள் எடுப்பதாக இருந்தால்?

முன்பதிவின்போதே மூன்று அளவுகளை மில்லிமீட்டரில் அனுப்புங்கள்: கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேல்பரப்பு வரை உயரம், இருக்கை நுனியிலிருந்து கைப்பிடியின் நடு வரை தூரம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் உள்ள உயர வேறுபாடு. பெரிய பல் எத்தனை என்றும் கேளுங்கள். சொந்த மிதிகளையும் இருக்கையையும் எடுத்துப் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இடது மிதியின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை மறந்து பலங்கொண்டு திருகினால் கிராங்கின் மரை போய்விடும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடக்கை முன்சக்கரத்துக்கு. முன் பிரேக் வலக்கையில் இருந்து பழகியவர் பதற்றத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன்னதை அழுத்தினால் தலைகுப்புற விழ வாய்ப்புண்டு. கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லலாம். முடியாவிட்டால் முதல் நாள் சமதளத்தில் அரை மணி நேரம் பழகுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும் என்பதையும் சேர்த்தே பழக வேண்டும். ஒவ்வோர் இடைநிறுத்தத்துக்குப் பிறகும் மறுபடி கிளம்பும் அந்த முதல் பத்து மீட்டரில்தான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும்.

டயர்?

28 மி.மீ. 70 கிலோ ஓட்டுநருக்கு டியூபோடு முன்னால் 4.6 பார், பின்னால் 5 பார் அளவில் தொடங்கிப் பாருங்கள். 7 பார் அடித்துக் கல்போல் வைத்தால் உறைபனியால் வெடித்த தாரில் சக்கரம் துள்ளும், வளைவில் பிடிப்பு குறையும்.

இறக்கத்தில் பயமாக இருக்கிறது. மெதுவாக பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கலாமா?

கூடாது. போர்டோய் உச்சியிலிருந்து அராபாவுக்கு 638 மீட்டர் இறக்கம். 82 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றலை வெப்பமாக்கினால் ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கலாம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓரளவு வேகத்தில் இறங்கினால் இதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் விடாமல் பிடித்தபடி இறங்கினால் காற்றின் பங்கு மிகக் குறைவு, ஏறத்தாழ எல்லாமே பிரேக்குக்குப் போகிறது. பயந்து மெதுவாகப் போகிறவரின் பிரேக்தான் அதிகம் சூடாகிறது.

செய்ய வேண்டியது இது. நேர்ப்பகுதியில் பிரேக்கை விட்டு, உடலை நிமிர்த்திக் காற்றை வாங்குங்கள். வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்பு இரு கைகளாலும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழையும் முன் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கக் காலைக் கீழே வைத்து அதன்மேல் எடையைப் போடுங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் கண் போகும் பக்கம்தான் போகும்.

நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். பேருந்துகள் கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும், மோட்டார் சைக்கிள்கள் சாய்ந்தபடி உங்கள் பக்கம் வரும். ஈரமாக இருந்தால் வெள்ளைக் கோடுகளும் விரிசலை அடைத்த தார்ப்பட்டைகளும் வழுக்கும்.

ரிம் பிரேக்கும் கார்பன் சக்கரமும் சேர்ந்த சைக்கிளை இங்கே பரிந்துரைப்பதில்லை. தொடர்ந்த வெப்பத்தில் ரிம்மின் பிசின் இளகி விளிம்பு உப்பலாம், லேடெக்ஸ் டியூப் வெடிக்கலாம். அலுமினிய ரிம் போதும். டிஸ்க் பிரேக்கில் பேட் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. ஒரு வாரத்தில் எட்டாயிரம் மீட்டர் இறங்கப்போகிறீர்கள் என்றால் 1 மி.மீ.யிலேயே புதிது போட்டுவிட்டுக் கிளம்புங்கள். புது பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகாமல், மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறை குறைத்துப் பழக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் பேட் கண்ணாடிபோல் மின்னி, கீச்சென்று கத்தும், பிடிக்காது.

ஜாவு, ஃபெடாயா இரண்டில் எது கடினம்?

ஜாவு, செல்வா தி கடோரே (மேலே சொன்ன செல்வா வேறு ஊர்) பக்கமிருந்து: ஏறத்தாழ 10 கி.மீ., சராசரி 9.3%, 29 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,236 மீட்டர். தொடக்கம் முதல் முடிவு வரை சரிவு விடாது. ஆனால் வளைவுகளின் வெளிவிளிம்பில் சரிவு சற்றுத் தணியும், அங்கே நாலு மூச்சு இழுத்துக்கொள்ளலாம்.

ஃபெடாயா, கப்ரிலே பக்கமிருந்து சுமார் 14 கி.மீ., உச்சி 2,057 மீட்டர். சராசரி 7.5% என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மல்கா சாபெலாவைத் தாண்டியதும் வளைவே இல்லாத ஏறத்தாழ 3 கி.மீ. நேர்ச்சாலை வரும். சரிவு இரட்டை இலக்கத்தில் நிற்கும், சில இடங்களில் 15%க்கும் மேல். முழுச் சாலையும் கண்ணுக்கு முன்னால் சுவர்போல் தெரியும், எவ்வளவு மிதித்தாலும் அது நெருங்குவதாகத் தெரியாது. உடலுக்கு ஜாவு கடினம், மனத்துக்கு ஃபெடாயா. எங்கள் தேர்வு ஜாவு. கனாட்செய் பக்கமிருந்து ஃபெடாயா மென்மையானது, ஆனால் அந்தப் பக்கம் குகைப்பாதைகள் உண்டு, விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

ஒரு வாரம் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் கம்போலோங்கோவைத் தாண்டி அராபா போய்த் திரும்பி வாருங்கள். 20 கி.மீ., 580 மீட்டர் ஏற்றம். சைக்கிளைச் சரிபார்க்க அது போதும். இரண்டாம் நாள் செல்லா ரோண்டா, மூன்றாம் நாள் ஓய்வு.

நான்காம் நாள், கொர்வாராவிலிருந்து லா வில்லா, சான் கசியானோ வழியாக வல்பரோலா ஏறுங்கள். சான் கசியானோவைத் தாண்டிய காட்டுப்பகுதி நிழலானது. வல்பரோலாவிலிருந்து சற்றே இறங்கினால் ஃபல்சாரேகோ, 2,105 மீட்டர். வழியில் முதல் உலகப்போர்க் காலக் கோட்டையான த்ரே சாஸ்ஸி நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஃபல்சாரேகோவிலிருந்து அராபா பக்கம் இறங்கும்போது தொடக்கத்திலேயே வளைந்த சின்னக் குகை ஒன்று வரும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பிறகு அராபா, கம்போலோங்கோ, கொர்வாரா. சுமார் 50 கி.மீ., 1,200 மீட்டருக்கும் மேல் ஏற்றம்.

ஐந்தாம் நாள் மெதுவாகச் சின்ன ஓட்டம். ஆறாம் நாள் கம்போலோங்கோ, கொல்லே சாந்தா லூசியா, ஜாவு, ஃபல்சாரேகோ, வல்பரோலா வழியே பெரிய சுற்று: ஏறத்தாழ 83 கி.மீ., 2,450 மீட்டர். ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், காலை 7 மணிக்குக் கிளம்புங்கள்.

வானிலை, உடை?

100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும். கொர்வாராவில் 20 டிகிரி என்றால் போர்டோயில் 15 அல்லது 16. வியர்த்த உடலோடு மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. காற்றுத் தடுப்பு மேலாடை, முழுவிரல் கையுறை, புயத்தை மூடும் உறை மூன்றும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும். உச்சியில் நின்ற உடனே போட்டுக்கொள்ளுங்கள், குளிர் தெரிந்த பிறகு போட்டால் தாமதம்.

கோடையில் பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம். பாறைமுகடுகளுக்குப் பின்னால் மேகம் காலிஃபிளவர்போல் குவியத் தொடங்கினால் அடுத்த கணவாயை ஏறாதீர்கள். இடி கேட்டால் கணவாயில் உள்ள விடுதிக்குள் போய் இருங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

பெரும்பாலான ஊர்களில் பொதுக் குழாய் அல்லது நீர்த்தொட்டி இருக்கும். 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாத நீர். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடியுங்கள், 60 கிராம் மாவுச்சத்து சாப்பிடுங்கள். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் செல்லா ஏற்றத்தின் நடுவில் கால் வெறுமையாகிவிடும்.

சட்டப்படி என்ன தேவை?

மணி, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இருட்டிலும் குகைகளிலும் விளக்கு எரிய வேண்டும். ஊருக்கு வெளியே இருட்டிலும் எல்லாக் குகைகளிலும் ஒளி பிரதிபலிக்கும் மேலாடை கட்டாயம். மடித்தால் கைக்குள் அடங்கும், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும், இருவர் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது. பெரியவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, நாங்கள் கட்டாயம் என்றே சொல்வோம். அவசர எண் 112.

மின்சார சைக்கிளில் செல்லா ரோண்டா முடியுமா?

500 வாட்மணி பேட்டரியில் முடியும், நீங்களும் பாதி உழைத்தால். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 107 கிலோ என்றால் 1,630 மீட்டர் ஏற 475 வாட்மணி வேலை. அதில் பாதியை மோட்டார் செய்தால், இழப்புகளும் சேர்த்து பேட்டரியிலிருந்து 300 முதல் 350 வாட்மணி போகும். முழு உதவியில் வைத்து ஓட்டினால் செல்லாவின் நடுவில் விளக்கு சிவப்பாகும். உதவி மணிக்கு 25 கி.மீ. வரைதான், அது ஐரோப்பிய விதி. கனமான சைக்கிள் என்பதால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை இன்னும் அதிகம்.

மரத்தோனா ட்லெஸ் டோலமைட்ஸ் பந்தயத்தில் கலந்துகொள்ளலாமா?

'மரத்தோனா ட்லெஸ் டோலமைட்ஸ்' 1987இல் தொடங்கியது. ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, சாலைகளை மூடி நடத்துகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள், விண்ணப்பம் அதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கலில் தேர்வு. லா வில்லாவில் தொடங்கிக் கொர்வாராவில் முடியும் மூன்று பாதைகள்: 55 கி.மீ. 1,780 மீட்டர், 106 கி.மீ. 3,130 மீட்டர், 138 கி.மீ. 4,230 மீட்டர். நீண்ட பாதைகளில் முடிவுக்குச் சற்று முன்பு லா வில்லாவில் 'முர் தில் ஜாட்' என்ற, சுவர்போன்ற குட்டை ஏற்றம் வரும், 19% வரை செங்குத்து. அதற்கு ஒரு சின்ன கியரை மிச்சம் வைத்திருங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கான படிவத்தை முன்னதாகவே உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள்.

செல்லா ரோண்டாவின் நடுவில் முடியாமல் போனால்?

முடிவெடுக்கும் இடம் போர்டோய் உச்சி. அங்கிருந்து திரும்பினால் அராபாவுக்கு இறங்கி, கம்போலோங்கோவுக்கு 274 மீட்டர் ஏறினால் போதும், அதன்பின் கொர்வாரா வரை இறக்கம்தான். தொடர்ந்து போனால் செல்லாவுக்கு 435, கார்டேனாவுக்கு 250, ஆக இன்னும் 685 மீட்டர். போர்டோய் உச்சியில் கால் நடுங்கினாலோ, மணி 1ஐத் தாண்டி மேகம் குவிந்தாலோ திரும்பிவிடுங்கள். செல்லா உச்சி வரை வந்துவிட்டீர்கள் என்றால் திரும்புவதில் பொருளில்லை. அங்கிருந்து மீதம் 250 மீட்டர்தான், விடுதியில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு, மேலாடையைப் போட்டுக்கொண்டு முன்னே போங்கள்.